முட்டியை மடக்கித் தள்ளு

நாச்சியாரின் நெற்றிக்கு நேராக வந்த பார்பெல் அங்கேயே நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"டீச்சர், நின்னுபோச்சு" என்றாள் நாச்சியார், ஏதோ பஸ் நடுவழியில் நின்றுபோன மாதிரி.

"நிக்கத்தான் செய்யும். கையால மட்டும் தூக்கினா அம்புட்டுத்தான். இறக்கித் தோள்ல வைங்க" என்றாள் ரேணுகா.

நாச்சியார் இறக்கினாள். அமராவதிபுதூரில் வயலும் டிராக்டரும் உள்ள வீட்டுக்காரி. நெல் மூட்டையை டிராக்டரில் ஏற்ற ஒவ்வொரு தடவையும் கொழுந்தனைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்ற ஒரே ஆத்திரத்தில் ஜிம்மில் சேர்ந்தவள். மற்றவர்கள் எடை குறைக்க வந்தார்கள். இவளும் எடை குறைய வேண்டும் என்று சொல்லிக்கொள்வாள், ஆனால் அது மரியாதைக்குச் சொல்வது.

"இப்பக் கேளுங்கக்கா. தலைக்கு மேல தூக்கும்போது பாதி வேலையைக் காலுக்குக் குடுத்துரணும். குதிகால் தரையை விட்டு எந்திரிக்கக் கூடாது. நெஞ்சு நிமிர்ந்தே இருக்கட்டும். முட்டியை லேசா மடக்கி, மடக்கின வேகத்துல தரையைத் தள்ளணும். அந்தத் தள்ளுல பார் தோளை விட்டுத் தானா எந்திரிக்கும். மிச்சத்தைக் கை பாத்துக்கும்."

"எம்புட்டு மடக்கணும்?"

"தண்ணிக் குடத்தை இடுப்புல ஏத்துறதுக்கு முன்னாடி முட்டியை லேசாத் தணிப்பீகள்ல? அம்புட்டுத்தான்."

நாச்சியார் முட்டியை மடக்கினாள். மடக்கியவள் அப்படியே நின்றாள். "மடக்கிட்டேன். இப்ப?"

"இப்பன்னு கேட்டீகள்ல, அதுலயே வேகம் செத்துப்போச்சு. நடுவுல நிக்கவே கூடாது. நான் சொல்றேன், நீங்க செய்யுங்க. முட்டியை மடக்கு... தள்ளு!"

அந்த அதட்டலில் நாச்சியாரின் கால்கள் அவளைக் கேட்காமலே வேலை செய்தன. பார் தோளிலிருந்து துள்ளி எழுந்து, மூக்கை ஒரு நூல் இடைவெளியில் தப்பவிட்டு, தலைக்கு மேலே போய் நின்றது. அவளுக்கே நம்ப முடியவில்லை. அண்ணாந்து பார்த்தாள். பார்த்ததில் ஏற்பட்ட சந்தோஷத்தில் கையை விட்டுவிட்டாள்.

தொம்!

ரப்பர் விரிப்பில் விழுந்த பார் ஒரு குதி குதித்து அடங்கியது. எல்லாரும் கை தட்டத் தூக்கிய நேரம், ஹாலின் பின்பக்கத்து இரட்டைக் கதவுக்கு அங்குட்டிருந்து சத்தம் கேட்டது.

தொம். தொம்.

யாரோ கதவை உள்ளங்கையால் தட்டியதுபோல இருந்தது. தூக்கிய கைகளை எல்லாரும் மெதுவாக இறக்கிக்கொண்டார்கள்.

"எதிரொலி" என்றாள் ரேணுகா.

"நாம ஒரு தடவைதானே போட்டோம் டீச்சர்?" என்றாள் ரோகிணி. பாங்க்கில் வேலை பார்ப்பவள், கணக்கு தப்பினால் அவளுக்குப் பொறுக்காது.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரைக்குடியில் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகளில் அதுவும் ஒன்று. முன்கட்டு முருகப்பன் பங்கு, பின்கட்டு அவருடைய பங்காளி பங்கு. இரண்டு பேரும் சென்னையில் ஒரே ஏரியாவில்தான் இருந்தார்கள். ஆனால் பேசிக்கொள்வது என்றால் சிவகங்கைக் கோர்ட்டில் வக்கீல் மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு கட்டுக்கும் நடுவில் பர்மாத் தேக்கில் ஓர் இரட்டைக் கதவு. தாழ்ப்பாள் அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் ரேணுகா தன் இரும்பு ரேக்கை அணைத்துப் போட்டிருந்தாள்.

முன்கட்டு ஹாலை அவள் வாடகைக்குத் தேடிப் பிடித்த காரணம் அதன் உயரம். முதலில் ஒரு செல்போன் கடை மாடியில்தான் ஜிம் வைத்திருந்தாள். அங்கே ரோகிணி ஒருநாள் உற்சாகமாகப் பாரைத் தலைக்கு மேல் தூக்கியபோது ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது, கடைக்காரர் ஓட ஆரம்பித்தார். பெண்பிள்ளைகள் தலைக்கு மேலே கனம் தூக்குவதற்கு இடம் கொடுக்கிற கூரை அந்த ஊரில் கல்யாண மண்டபத்துக்கும் இந்த மாதிரிப் பெரிய வீட்டுக்கும்தான் இருந்தது. மண்டபத்தை முகூர்த்த நாளில் காலி செய்யச் சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தாள் ரேணுகா. அவள் புருஷன் உதயகுமாருக்குச் சிவகங்கையில் உத்தியோகம், தினமும் பஸ்ஸில் போய் வந்து இடுப்பு போயிருந்தது. "ஆவணி வரைக்கும் பாரு. ஆள் நின்னா நிக்கட்டும். நிக்கலைன்னா வீட்டைச் சிவகங்கைக்கு மாத்திருவோம்" என்று சொல்லியிருந்தார். அவள் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் இந்த ஹால் போனால் மறுபடியும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டியதுதான் என்பதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் கையால் அவளே உண்டாக்கியது என்று உலகத்தில் இருந்தது இந்த ஒன்றுதான்.

மறுநாளும் தட்டல் கேட்டது. இங்கே ஒரு தடவை பார் விழுந்தால் அங்கே இரண்டு தட்டு. இங்கே யாராவது 'ம்ஹூம்' என்று முக்கினால் அங்கே சட்டென்று ஓர் அமைதி, ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்களே, அப்படி ஓர் அமைதி.

ரேணுகா வேல்பாண்டியைப் பிடித்தாள். இரண்டு கட்டுக்கும் அவர்தான் காவல், இரண்டு பக்கமும் சம்பளம். முன்கட்டுச் சேதி பின்கட்டுக்குப் போகக் கூடாது, பின்கட்டுச் சேதி முன்கட்டுக்கு வரக் கூடாது என்பது பங்காளிகள் இருவரும் அவரிடம் தனித்தனியாக வாங்கிய சத்தியம். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயமும் அதுதான்.

"அண்ணே, அங்குட்டு என்ன சத்தம்?"

"அங்குட்டு யாரும் இல்லை தாயி."

"யாருன்னு நான் கேக்கவே இல்லையே. என்ன சத்தம்னுதானே கேட்டேன்?"

"சத்தமும் இல்லை" என்றார் வேல்பாண்டி, தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு.

"எங்க சத்தம் தொந்தரவுன்னா சொல்லுங்க. நிறுத்திருவோம்."

வேல்பாண்டி தலையைத் தூக்கினார். முகம் வெளிறியிருந்தது. "ஐயையோ, நிறுத்திராதீக தாயி. இப்பத் தூக்குற மாதிரியே தூக்குங்க. போடுற மாதிரியே போடுங்க."

"நிறுத்தினா?"

"நிறுத்தினா... கேப்பாக."

"யாரு கேப்பாக?"

வேல்பாண்டி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பெருக்கிய வாசலை மறுபடியும் பெருக்கப் போய்விட்டார். சாயங்கால வெயிலில் நின்றுகொண்டிருந்த ரேணுகாவுக்கு முதுகில் குளிர்ந்தது.

ஆனாலும் அவள் பயந்து ஒடுங்குகிற ரகம் இல்லை. சத்தத்தால்தானே பிரச்சினை, சத்தத்தைக் குறைப்போம் என்று முடிவு கட்டினாள். விரிப்புக்கு மேல் விரிப்பு போட்டாள். "யாரும் பாரைப் போடக் கூடாது. பச்சைப் புள்ளையைத் தொட்டில்ல விடுற மாதிரி இறக்கணும்" என்று உத்தரவு போட்டாள்.

பார்கள் பச்சைப் பிள்ளைகளாக இறங்கின. ஹால் அமைதியானது. அந்த அமைதி ஒருநாள்கூட நிலைக்கவில்லை. மறுநாள் சாயங்காலம், ஜன்னலின் கலர்க் கண்ணாடி வழியாகத் தரையில் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் நீண்டு கிடந்த நேரத்தில், கதவுக்கு அங்குட்டிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. மெதுவான, ரொம்ப மரியாதையான குரல்.

"இருக்கீங்களா?"

ஹாலில் யாரும் அசையவில்லை.

"உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

கதவுக்குப் பக்கத்தில் தோளில் பாரோடு நின்றவள் நாச்சியார். பயத்தில் மனுஷருக்கு உண்மைதான் வாயில் வரும் என்பார்கள். அவளுக்கு எதுவும் வராமல், சேர்க்கைப் படிவத்தில் எழுதியதுதான் வந்தது.

"எடை குறையணும் சாமீ!" என்று அலறினாள்.

அங்குட்டு ஒரு பெண் வீல் என்று கத்தினாள். பித்தளையோ எவர்சில்வரோ ஏதோ ஒன்று தரையில் விழுந்து உருண்டு உருண்டு நின்றது. திபுதிபுவென்று கால்கள் ஓடின. இங்குட்டும் அதேதான் நடந்தது. ரோகிணி வெறுங்காலோடு வாசலைத் தாண்டினாள். அவளுடைய ஷூ அப்புறம் எத்தனையோ நாள் அங்கேயே கிடந்தது. எடுத்துப் போகக்கூட அவள் வரவில்லை.

அன்று ராத்திரிக்குள் ஜிம்மின் வாட்ஸ்அப் குரூப்பில் கதை தயாராகிவிட்டது. காரைக்குடியில் பூட்டிய அறை ஒன்று இருந்தால் அதற்குள் ஒரு மருமகள் செத்திருந்தே ஆக வேண்டும். இந்த மருமகள் சீர்ச் சாமான் அண்டாவுக்குள் விழுந்து செத்தவள் என்றார் ஒருவர். அண்டா அவள்மேல் விழுந்தது என்றார் இன்னொருவர். அண்டாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பரணில் வைக்கும்போது கால் தடுக்கிப் போய்ச் சேர்ந்தவள், அதனால்தான் நாம் தூக்கும்போது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று ரோகிணி ஒரு குரல் செய்தி போட்டாள். அதைக் கேட்டபிறகு பாதிப் பேர் குரூப்பை விட்டே வெளியேறினார்கள்.

"டீச்சர், அந்த மகராசிக்குக் கால் தடுக்கித்தானே போச்சு? நாம காலை ஆட்டாம இருந்தா என்ன?" என்றாள் நாச்சியார் மறுநாள்.

அறிவுக்கு ஒத்துவராத யோசனைதான். ஆனால் அறிவுக்கு ஒத்துவந்த யோசனைகள் தீர்ந்துபோயிருந்தன. இருந்தாலும் ரேணுகா அதற்கு ஒரு கௌரவமான காரணம் கண்டுபிடித்தாள். "காலைச் சேத்துக்கிட்டா கனம் கூடும், கனம் கூடினா சத்தம் கூடும். இனிமே எல்லாரும் ஸ்ட்ரிக்ட்டாத் தூக்குறோம். முட்டி மடங்கக் கூடாது. பின்பக்கத்தை இறுக்கிக்கிட்டு, வயித்தைப் புடிச்சுக்கிட்டு, தோளும் கையும் மட்டும்தான்."

கஷ்டம் அதன் பிறகுதான் தெரிந்தது. காலின் உதவியோடு கம்பீரமாகத் தூக்கியதில் பாதியைக்கூட வெறும் கையால் தூக்க முடியவில்லை. நாச்சியாரின் பாரிலிருந்து பிளேட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியில் வெறும் கம்பிதான் மிஞ்சியது. அதையும் அவள் நெற்றி வரை கொண்டுவந்து, அங்கிருந்து ரேணுகாவைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"மடக்கிக்கவா?"

ரேணுகா உதட்டில் விரலை வைத்து, தலையை மட்டும் ஆட்டினாள். அதட்டுவதையும் அவள் நிறுத்தியிருந்தாள். எல்லாம் சைகைதான். பரீட்சை ஹால் மாதிரி இருந்தது ஜிம்.

சில நாள் எந்தச் சத்தமும் இல்லை. தட்டலும் இல்லை, குரலும் இல்லை. ரேணுகா மெல்ல மூச்சு விட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அது வந்தது.

நாச்சியார் அன்றைக்கும் நெற்றி வரைதான் வந்திருந்தாள். ஹாலில் ஈ பறந்தால் கேட்கும். கதவுக்கு அங்குட்டு, எங்கோ ஆழத்தில், ஒரு பார் விழுந்தது.

தொம்!

பிறகு ஒரு பெண்குரல். கொஞ்சம் கரகரப்பாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"முட்டியை மடக்கு... தள்ளு!"

நாச்சியாரின் கால்கள் பழக்க தோஷத்தில் மடங்கித் தள்ளின. கம்பி சர்ரென்று தலைக்கு மேலே போனது. நாச்சியார் அதைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், ரேணுகாவைப் பார்த்தாள். ரேணுகாவின் வாய் மூடியிருந்தது. விரல் இன்னும் உதட்டில்தான் இருந்தது.

"டீச்சர்" என்றாள் நாச்சியார், கம்பியை இறக்கவும் மறந்து. "அது உங்க குரல்."

ஆமாம். அது ரேணுகாவின் குரல்தான். இழுத்துச் சொல்கிற 'மடக்கு'வும் வெட்டிச் சொல்கிற 'தள்ளு'வும் அவளுடையவை. அவள் விட்டுவிட்ட அதட்டலைச் சுவருக்கு அங்குட்டு யாரோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

உதயகுமார் இதை நம்பவில்லை. "பழைய வீடு. எலி இருக்கும்" என்றார்.

"எலி 'முட்டியை மடக்கு'ன்னா சொல்லும்?"

"நீ சொன்னதையே நெனைச்சுக்கிட்டிருப்ப. அது காதுல கேக்கும். நான் ஞாயித்துக்கிழமை வந்து உக்காருறேன். என் காதுல எது கேக்குதுன்னு பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார். ரேணுகா எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தாள். மிஞ்சியிருந்த நாச்சியார் ஒரு மூலையில் வெறும் கையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள்.

உதயகுமார் ராசிபலன் வரை வந்துவிட்டார். "பாத்தியா? ஒண்ணும் இல்லை. எல்லாம் மனப்..."

"என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? தள்ளுங்க!" என்றது கதவு.

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலுக்குப் பழகியவர் உதயகுமார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார். எழுந்த பிறகுதான் குரல் வந்த திசை உறைத்தது. மெதுவாகப் பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"நீ பேசலை?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப ரெண்டு இருக்கா?" என்றார் உதயகுமார். பேப்பர் அவர் கையிலிருந்து தாள்தாளாக நழுவியது. "ரேணு, சிவகங்கையில வீடு பாத்துட்டேன்."

"எப்ப பாத்தீக?"

"இப்பத்தான். இந்த வாரமே போறோம்."

நாச்சியார் மட்டும் விடவில்லை. "ஒரே ஒரு நாள் பொறுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஸ்கூட்டியில் தூபக்காலும் வேப்பிலைக் கொத்தும் எலுமிச்சம்பழமுமாக வந்து இறங்கினாள். நெருப்பில் சாம்பிராணியை அள்ளிப் போட்டாள். ஹால் முழுக்க வெள்ளையாகப் புகை. கதவுக்கு அடியில் இருந்த இடைவெளி அந்தப் புகையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது.

"தாயி, நீ யாரா இருந்தாலும் நாங்க உனக்கு ஒரு கெடுதலும் செய்யலை. எங்களை விட்டுரு" என்றாள் நாச்சியார் சத்தமாக. வேப்பிலையால் கதவை மூன்று தடவை அடித்தாள். எலுமிச்சம்பழத்தைக் காலால் நசுக்கினாள்.

முதலில் அங்குட்டு யாரோ இருமினார்கள். ஒருவர் இல்லை, பலர் இருமினார்கள்.

அப்புறம் கை தட்டினார்கள்.

தட்டல் ஓர் ஓரத்தில் தொடங்கி, பரவி, கதவின் அகலத்துக்கும் நிறைந்தது. ஒரு கூட்டமே அங்கே உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாளும் உட்கார்ந்திருந்திருக்கிறது. இங்குட்டு நடக்கும் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

நாச்சியாரின் கையிலிருந்து வேப்பிலை விழுந்தது. "ஒரு மருமக இல்லை டீச்சர்" என்றாள் காற்றாக. "அம்புட்டுப் பேரும் இருக்காக."

ரேணுகா வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்து அழுதாள். பயத்தில் பாதி, மிச்சம் ஆத்திரம். வேல்பாண்டி தூரத்தில் நின்று, ஏதோ சொல்ல வருவதுபோல வாயைத் திறந்தார். சத்தியம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார்.

அந்த வார வெள்ளிக்கிழமை வாசலில் டெம்போ வந்து நின்றது. பிளேட்டுகள் ஏறின, பெஞ்சுகள் ஏறின. ரோகிணியின் ஷூவையும் ஒரு பையில் போட்டுக் கட்டினாள் நாச்சியார். கதவில் அணைத்திருந்த ரேக்கைக் கழற்றி எடுத்ததும் அந்த இரட்டைக் கதவு முழுசாகத் தெரிந்தது. அதில் செதுக்கியிருந்த யாளிகள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

டெம்போக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். நடு ஹாலில் ஒரு பார் மட்டும் மிச்சம். அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

ரேணுகா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு டெம்போவுக்குப் போய் இரண்டு பெரிய பிளேட்டுகளை இறக்கிக்கொண்டு வந்தாள்.

"என்ன டீச்சர் செய்றீக?"

"ஒரே ஒரு தடவைக்கா. போறதுதான் போறோம். சத்தம் போடாமப் பொறுத்துப் பொறுத்து எனக்கு நெஞ்சு வலிக்குது."

"அவுக கேப்பாகளே?"

"கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்."

அவள் பளுதூக்கும் போட்டியில் ஜெயித்த காலத்தில் தூக்கிய கனம் அது. பிளேட்டுகளை மாட்டினாள். பாரைத் தரையிலிருந்து பிடுங்கித் தோளில் வாங்கினாள். முழங்கை முன்னே வந்தது. மூச்சை இழுத்து வயிற்றில் கட்டினாள். குதிகால்கள் தரையைப் பிடித்தன.

விடிந்தால் சிவகங்கை. கழுத்தில் விசில். வெயில். 'வரிசையா நில்லுங்க.' அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. முட்டட்டும் என்று விட்டாள்.

"முட்டியை மடக்கு!" என்று கத்தினாள், தனக்குத்தானே. வீடு அதிர்ந்தது. "தள்ளு!"

முட்டி தணிந்தது. தணிந்த கணத்தில் கால்கள் தரையை உதைத்தன. இத்தனை நாள் கட்டிப்போட்டிருந்த கோபமெல்லாம் தொடையிலிருந்து கிளம்பி, இடுப்பு வழியாகத் தோளுக்கு வந்தது. பார் எழுந்தது. முகத்தைக் கடந்தது. தலையை முன்னே நுழைத்துக் கைகளைப் பூட்டி நின்றாள். கூரை அவ்வளவு உயரத்தில் இருந்தது. இந்த ஊரில் வேறெங்கும் இல்லாத கூரை.

"எம்மாடீ!" என்றாள் நாச்சியார்.

ரேணுகா பாரை விட்டாள். விரிப்பெல்லாம் டெம்போவில் ஏறியிருந்தது. வெறும் தரைமேல் விழுந்தது பார்.

தொம்ம்ம்!

ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பின. தூசி மெதுவாக இறங்கியது.

அங்குட்டு ஒரு கணம் மூச்சே இல்லை. அடுத்த கணம் வெடித்தது கைதட்டல். கூச்சலும் சேர்ந்துகொண்டது. நாச்சியார் ரேணுகாவின் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டாள். ரேணுகாவுக்கு ஓடத் தோன்றவில்லை. கால்கள் இருந்ததையெல்லாம் கொடுத்துத் தீர்த்திருந்தன.

கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

"டீச்சர், தெறக்குறாக" என்றாள் நாச்சியார். "முருகா, தெறக்குறாக."

எத்தனையோ வருஷம் திறக்காத கதவு முனகிக்கொண்டு ஒரு சாண் விலகியது. அந்த இடைவெளியில் ஒரு முகம் வந்தது. பயந்த, வேர்த்துப்போன, பொட்டு கலைந்த ஒரு சின்னப் பெண்ணின் முகம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. 'தீக்ஷா' என்று போட்டிருந்தது.

அவள் தோளால் தள்ள, கதவு அகலமாகத் திறந்தது. பளிச்சென்று விளக்கு எரிகிற தாழ்வாரம். புது வெள்ளையடித்த சுவர். கதவைப் பார்த்து வரிசை வரிசையாகப் பிரம்பு நாற்காலிகள். நாற்காலிக்கு ஒருவராக, வெளியூர்ச் சாயலில் ஆணும் பெண்ணும், வாயைப் பிளந்துகொண்டு, ரேணுகாவை நோக்கிச் செல்போனைப் பிடித்தபடி. நடுவில் காப்பித் தட்டோடு வேல்பாண்டி. அவர் இப்போதும் தன் கால் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீக்ஷா வாசலில் நின்ற டெம்போவைப் பார்த்தாள், கட்டிவைத்த பைகளைப் பார்த்தாள், ஓடிவந்து ரேணுகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, தயவுசெஞ்சு போயிராதீக! நீங்க சத்தமில்லாமத் தூக்க ஆரம்பிச்சதுல இருந்து, செல்போன்ல பதிஞ்சு வச்ச உங்க சத்தத்தையே ஸ்பீக்கர்ல போட்டுச் சமாளிக்கிறோம். பேய் பங்களான்னு ரூம் போட்டு வந்தவுக எல்லாம், 'நிஜப் பேய் எப்பத்தான் வரும்'னு எங்க உசுரை வாங்குறாக!"